சம்பளம் யார் கைக்குப் போகிறது? 'மூன்' படம் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தோட்ட இளைஞர் மன்றத்தின் சார்பில் பொது மண்டபத்தில் 'மூன்' என்ற ஆங்கில அறிவியல் புனைவுப் படத்தைத் திரையிட்டிருக்கிறீர்கள். விமர்சகர்களிடம் 90 விழுக்காடு வாங்கிய படம் என்று படித்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். அரைமணி நேரத்தில் பாதி நாற்காலிகள் காலி. விமர்சகர்கள் கதை அளக்கிறார்களா, இல்லை எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ரசனை போதாதா என்று கேட்கிறீர்கள். இரண்டாவது பாதியைக் கேட்கும்போது உங்களுக்கே மனம் ஒப்பவில்லை என்பது எழுத்தில் தெரிகிறது. நீங்கள் அறிய விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன்: அடுத்த முறை படம் தேர்ந்தெடுக்க யார் பேச்சை நம்புவது?

நானும் மலேசியாவில் இதே சுங்கை சிப்புட்தான். இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். ஞாயிறு பதிப்புகளுக்குப் பல ஆண்டுகள் திரை விமர்சனம் எழுதியிருக்கிறேன், இப்போதும் டவுனில் ஒரு சிறு திரைப்பட வட்டத்தை நடத்துகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

அந்த 90 என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்களை ஏமாற்றியது படமல்ல, அந்த எண். ராட்டன் டொமேட்டோஸ் தளம் ஒவ்வொரு விமர்சனத்தையும் 'ஆதரவு', 'எதிர்ப்பு' என இரண்டே கூடையில் போடுகிறது. பத்துக்கு ஆறு கொடுத்தவரும் ஆதரவுக் கூடையில்தான், பத்துக்குப் பத்து கொடுத்தவரும் அதே கூடையில்தான். ஆகவே 90 விழுக்காடு என்றால் பத்து விமர்சகர்களில் ஒன்பது பேருக்குப் படம் பிடித்திருந்தது என்று மட்டுமே பொருள். எவ்வளவு பிடித்தது என்பதை அந்த எண் சொல்லாது. மெட்டாகிரிட்டிக் என்ற இன்னொரு தளம் விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களையே சராசரி எடுக்கிறது. அங்கே இதே படம் நூற்றுக்கு எழுபதைக்கூடத் தொடவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உண்மை நிலவரம் தெரியும். பரவலான நல்லெண்ணம் இருந்தது, தலைமேல் தூக்கிவைத்து ஆடவில்லை. விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாத ஒன்றை அந்த எண் அவர்கள் சார்பில் சொல்லிவிட்டது.

படம் எப்படி உருவானது என்பது விமர்சனங்களிலும் கலந்திருப்பதால் அதையும் சொல்ல வேண்டும். டங்கன் ஜோன்ஸ் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. கதை அவருடையது, திரைக்கதை நேதன் பார்க்கருடையது. செலவு ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர். இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் 33 நாட்களில் எடுத்து முடித்தார்கள். 2009 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, அந்த ஆண்டின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியானது. உலகெங்கும் வசூல் ஒரு கோடி டாலர் அளவில் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'அவதார்' இருநூறு கோடி டாலரைத் தாண்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் படம் அரங்குகளில் எவ்வளவு சன்னமாக வந்து போனது என்பது புரியும்.

கதை இதுதான். நிலவின் மறுபக்கத்தில் ஒரு சுரங்க நிலையம். ஹீலியம்-3 என்ற எரிபொருளைத் தோண்டி பூமிக்கு அனுப்பும் வேலை. அங்கே சாம் பெல் என்ற ஒரே ஒரு தொழிலாளி, மூன்றாண்டு ஒப்பந்தத்தில். துணைக்கு கெர்டி என்ற எந்திரம். ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது விபத்து நேர்கிறது. கண்விழிக்கிறான். வெளியே போய்ப் பார்த்தால் விபத்துக்குள்ளான வண்டியில் அவனே குற்றுயிராகக் கிடக்கிறான். அங்கே வேலை செய்வது ஒரு சாம் அல்ல, ஒருவன் தேய்ந்ததும் அடுத்தவனை எழுப்பிவிடும் நகல்களின் வரிசை என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது.

விமர்சகர்கள் பாராட்டியவற்றில் முதலிடம் சாம் பெல்லாக வரும் சாம் ராக்வெல்லின் நடிப்புக்கு. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இரண்டு சாம்களும் மேசைப் பந்து ஆடும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒருவன் மூன்றாண்டுத் தனிமையில் இளகிப்போனவன், தனக்குத்தானே பேசிப் பழகியவன். மற்றவன் நேற்று விழித்தவன், பழைய முன்கோபம் அப்படியே இருக்கிறது. உடல் ஒன்று, நினைவு ஒன்று, மட்டையைப் பிடிக்கும் கை மட்டும் வேறு. ஒருவன் தோள் தளர்ந்து நிற்கிறான், மற்றவனின் தாடை இறுகியிருக்கிறது. இரட்டை வேடம் நமக்குப் புதிதல்ல. மீசை வைத்த அண்ணனும் மீசை எடுத்த தம்பியுமாகத் தமிழ்ப் படங்களில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இங்கே ஒரே மனிதனின் இரண்டு வயதுகளை, மூன்றே ஆண்டு இடைவெளியில், ஒப்பனையை அதிகம் நம்பாமல் வேறுபடுத்திக் காட்டுகிறார். ஒரு பக்கத்தை நடித்து முடித்து, பிறகு உடை மாற்றி மறுபக்கத்தை நடித்து இணைத்த காட்சி அது. எதிரே ஆளில்லாத வெற்றிடத்தைப் பார்த்து எரிச்சல்பட முடிவது சாதாரணத் திறமையல்ல. இவருக்கு ஆஸ்கார் பரிந்துரைகூட வரவில்லை என்று அப்போது பலர் வருத்தப்பட்டார்கள். நானும்தான்.

அடுத்து அவர்கள் பாராட்டியது சின்ன மாதிரி உருவங்கள். நிலவில் ஊர்ந்து மண்ணைக் கிளறும் பெரிய வண்டிகள் எல்லாம் கையால் செய்த பொம்மைகள். 1979இன் 'ஏலியன்' படத்துக்கு மாதிரிகள் செய்த பில் பியர்சன் இதிலும் வேலை செய்தார். அவற்றைப் படம்பிடித்து, மேலே கணினி வரைகலையைப் பூசினார்கள். பணம் இல்லாததால் எடுத்த முடிவுதான், ஆனால் திரையில் அதற்கு ஒரு கனம் கிடைத்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்து வளர்ந்த விமர்சகர்கள் அந்தக் கனத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். அழிந்துவரும் ஒரு வகையான கறாரான அறிவியல் புனைவுக்கு இது உயர்ந்த எடுத்துக்காட்டு என்ற பொருளில் எழுதினார். அந்தப் பாராட்டுக்குள் ஒரு ஏக்கமும் இருக்கிறது. 1968 முதல் 1980களின் தொடக்கம் வரை வந்த, யோசிக்க வைக்கும் விண்வெளிப் படங்களைப் பற்றிய ஏக்கம். இயக்குநரே அந்தப் படங்களுக்குக் கடன்பட்டிருப்பதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கெர்டி எந்திரத்தையும் அந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். கூரைத் தண்டவாளத்தில் தொங்கி நகரும் பெட்டி, சிறு திரையில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகம், அமைதியான குரல். விண்கலத்தின் கணினியே ஆட்களைக் கொல்லும் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தைப் பார்த்த எவரும் இந்த எந்திரம் எப்போது கழுத்தை அறுக்கப்போகிறது என்று காத்திருப்பார்கள். அது கழுத்தை அறுப்பதில்லை. உதவி செய்கிறது, கடைசியில் தன் நினைவையே அழித்துக்கொள்ளத் தானாக வழி சொல்கிறது. பழைய படத்தைத் தெரிந்தவருக்கு இது பெரிய திருப்பம். தெரியாதவருக்கு அது ஒரு நல்ல எந்திரம், அவ்வளவுதான். உங்கள் மண்டபத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பழைய படம் பழக்கம்? விமர்சகர் கைதட்டிய இடத்தில் உங்கள் ஆட்களுக்குக் கைதட்ட ஒன்றுமே இல்லை. அதற்கு ரசனைக் குறை என்று பெயர் வைக்கக் கூடாது.

குறை சொன்ன விமர்சகர்களும் இருந்தார்கள். மர்மம் சீக்கிரம் உடைந்துவிடுகிறது, அதற்குப் பிறகு படம் நொண்டுகிறது என்பது ஒரு குறை. எல்லாம் ஏற்கெனவே பார்த்த பண்டங்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நான் ஏற்கவில்லை. மர்மத்தை முன்னாலேயே உடைத்ததால்தான் இரண்டு சாம்களும் ஒருவரோடொருவர் பேச நேரம் கிடைத்தது. இரண்டாவதில் ஓரளவு நியாயம் உண்டு.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். குறைந்த செலவில் எடுத்த படம் என்பதால் விமர்சகர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்களா? விட்டுக்கொடுத்தார்கள் என்பது என் ஊகம். இதே படம் பத்துக் கோடி டாலரில் வந்திருந்தால், பார்த்த பண்டம் என்ற குறை இன்னும் உரக்க ஒலித்திருக்கும். இயக்குநர் பாடகர் டேவிட் போவியின் மகன் என்பது கூடுதல் கவனத்தைக் கொண்டுவந்ததா? செய்தித்தாள்களில் இடம் கிடைக்க அது உதவியிருக்கும், மதிப்பெண்ணைக் கூட்டியிருக்காது என்று நினைக்கிறேன். அவர் அப்பாவின் மேடைப் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, தலைப்பு அட்டையிலும் அந்த உறவைக் காசாக்கவில்லை. திரைவிழாச் சூழலும் ஒரு காரணம். நாளுக்கு நான்கைந்து படம் பார்க்கும் ஒருவருக்கு, அடித்து நொறுக்காத ஓர் அறிவியல் படம் கண்ணுக்கு ஓய்வாக இருந்திருக்கும். இவற்றை எந்தத் தராசிலும் நிறுத்துக் காட்ட முடியாது. ஆனால் விமர்சனம் படிக்கும்போது இவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விருதுகளில் ஐயமில்லை. பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் 2009இன் சிறந்த படம் இதுதான். 2010இல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட அமைப்பு முதல்பட விருதை ஜோன்ஸுக்குத் தந்தது. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ஹியூகோ விருது. அதை நடுவர் குழு தருவதில்லை, உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தருகிறார்கள். 2010இல் மெல்பர்னில் நடந்த மாநாட்டில் 'அவதார்', 'டிஸ்ட்ரிக்ட் 9', 'ஸ்டார் டிரெக்', 'அப்' ஆகிய நான்கையும் தாண்டி 'மூன்' அதை வென்றது. அதாவது சலிப்பூட்டும் படம் என்று பொதுமக்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. இந்த வகைப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் சாதாரண வாசகர்கள் அதற்கு வாக்களித்திருக்கிறார்கள். பொதுமக்கள் என்று ஒரே கூட்டம் எங்கும் இல்லை.

படத்தின் அறிவியல் சரியா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதற்கு வகுப்பறைத் தெம்போடு பதில் சொல்லலாம். சூரியக் காற்று காலங்காலமாக நிலவின் மண்ணில் ஹீலியம்-3ஐப் படியவைத்திருக்கிறது. அது உண்மை. ஆனால் அளவு நூறு கோடியில் சில பங்குதான், நல்ல இடத்தில் பத்துப் பங்கைத் தொடலாம். ஒரு டன் எடுக்கப் பத்துக் கோடி டன் மண்ணைக் கிளறிச் சூடேற்ற வேண்டியிருக்கும். ஆழத் தோண்டுவதை விட்டு மேற்பரப்பையே சுரண்டிக்கொண்டு போகும் ராட்சத வண்டிகளைப் படம் காட்டுவது அதனால் பொருத்தமானதே. அதை எரிபொருளாக்கும் அணுக்கரு இணைவு உலைதான் இன்னும் இல்லை. ஹைட்ரஜனின் இரு வகைகளைச் சேர்க்கும் டியூட்டீரியம்-டிரிட்டியம் இணைவையே வணிக அளவில் நடத்த முடியாத நிலையில், அதைவிடப் பல மடங்கு வெப்பம் கேட்கும் ஹீலியம்-3 இணைவு அடுத்த கட்டம். நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் படத்தைக் காட்டியபோது, நிலையம் ஏன் இவ்வளவு கனமான கட்டடமாக இருக்கிறது என்று கேட்டார்களாம். நிலவின் மண்ணையே கட்டுமானப் பொருளாக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன் என்று இயக்குநர் சொல்ல, நிலவுக் கான்கிரீட்டில்தான் நான் வேலை செய்கிறேன் என்று பார்வையாளர்களில் ஒரு பெண் சொன்னாராம். இதை ஜோன்ஸே பேட்டிகளில் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

தப்பும் இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே நிலவின் ஈர்ப்பு, உள்ளே நம் ஊர் ஈர்ப்பு. மேசைப் பந்து மேசையிலிருந்து தரைக்கு விழ இங்கே 0.4 வினாடி, அங்கே ஏறத்தாழ ஒரு வினாடி ஆக வேண்டும். அந்த ஆட்டம் அப்படி நடக்காது. நினைவுகளை ஒரு மூளையிலிருந்து எடுத்து இன்னொன்றில் பதிப்பது முழுக் கற்பனை. இதற்காக எந்த விமர்சகரும் மதிப்பெண் குறைத்ததாகத் தெரியவில்லை. நானும் குறைக்க மாட்டேன். ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு மீதியை ஒழுங்காக நடத்தினால் போதும், இந்த வகைக்கு அது பழைய சலுகை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். எங்கள் வட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மா கடைசிவரை உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து பேசும்போது இளைஞர்கள் நகல் மனிதனுக்கு ஆன்மா உண்டா, நினைவுதான் மனிதனா என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒருவன் செத்தால் இன்னொருவன் எழுகிறான், சரி. சம்பளம் யார் கைக்குப் போகிறது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. நான் படித்த எத்தனையோ விமர்சனங்களில் ஒன்றுகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டுப் பாருங்கள், படமே வேறு மாதிரி தெரியும். உண்மையான சாம் பெல் பூமியில் மகளோடு இருக்கிறான். ஒரு காட்சியில் அவன் குரல் மட்டும் கேட்கிறது. அவனுக்குத் தன் நகல்களைப் பற்றித் தெரியுமா, அவர்கள் உழைப்புக்கு அவன் காசு வாங்குகிறானா, இல்லை அவனையும் ஏமாற்றினார்களா? படம் சொல்லவில்லை. இதில் எந்தப் பக்கமும் அறுதியிட்டுப் பேச இடமில்லை. ஆனால் கம்பெனியின் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆளைத் தேட வேண்டாம், பயிற்சி வேண்டாம், போக்குவரத்துச் செலவு வேண்டாம், நோய் வந்தால் மருத்துவம் வேண்டாம், ஓய்வூதியம் வேண்டாம். மூன்றாண்டில் உடல் தேய்ந்ததும் ஊருக்குப் போகிறாய் என்று சொல்லி ஒரு பெட்டியில் படுக்க வைத்து எரித்துவிடலாம். ஆளை அனுப்புவதை விட்டு ஏன் இவ்வளவு சிரமப்பட்டு நகல் எடுக்க வேண்டும் என்று இதைக் கதை ஓட்டையாகச் சொல்கிறவர்கள் உண்டு. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஓட்டையாகத் தெரியாது.

கூலி ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் மூன்றாண்டு ஒப்பந்தம் என்பது கப்பலில் வந்தவர்களுக்குப் பழகிய கால அளவு. கப்பல் செலவு அவர்கள் தலையிலேயே கடனாக விழுந்தது. பிறகு கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இங்கே மண்ணானவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது உண்டு. சாம் தன் மனைவிக்கு ஒளிப்பதிவுச் செய்திகள் அனுப்புகிறான், பதிலுக்கு வருபவை பழைய பதிவுகள். நேரடித் தொடர்பு துணைக்கோள் பழுதால் அறுந்துவிட்டது என்று கம்பெனி சொல்லி வைத்திருக்கிறது. உண்மையில் சுற்றிலும் தடுப்புக் கோபுரங்களை நட்டு அலைகளை மறித்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களின் கடிதங்களைத் தோட்டத்து எழுத்தரான கிராணியோ வாத்தியாரோ எழுதிக்கொடுத்து, வந்த கடிதத்தையும் அவரே படித்துச் சொன்ன காலத்தை என் அம்மா வர்ணித்துக் கேட்டிருக்கிறேன். எந்த வரி நடுவில் விழுங்கப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது.

விமர்சகர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். கெட்ட கம்பெனி என்று பலரும் குறித்தார்கள். ஆனால் அறிவியல் படத்தில் கம்பெனி என்றாலே கெட்டதுதான் என்ற பழக்கத்தில் ஒரு வரியோடு கடந்துபோனார்கள். நினைவு, தனிமை, அடையாளம் என்பவற்றில்தான் அவர்கள் பேனா ஊன்றி நின்றது. அந்த விமர்சகர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் போன தாத்தா இல்லாதவர்கள். இது குற்றச்சாட்டு அல்ல. பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

படத்தின் கடைசி நொடிகளைக் கவனித்தீர்களா? புதிய சாம் தப்பிப் பூமிக்கு வருகிறான், கம்பெனி மேல் புகார் கொடுக்கிறான். திரை இருண்ட நேரத்தில் ஏதோ ஒரு வானொலிப் பேச்சாளரின் குரல் வருகிறது. இவன் பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கள்ளத்தனமாக நாட்டுக்குள் வந்தவனாக இருக்க வேண்டும், எப்படியும் பிடித்து உள்ளே போடுங்கள் என்கிறது. எழுந்து போகாமல் இருந்தவர்கள்கூட அதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் குலை அறுக்கிறவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். அவர்களின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. அந்த வானொலிக் குரலை நம் காப்பிக்கடைகளில், நம் ஆட்கள் வாயிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதை நாம் இப்போது அடுத்தவரைப் பற்றிச் சொல்கிறோம். உங்கள் மன்றத்தில் இந்தப் படத்தைப் பற்றி ஒரே ஒரு விவாதம் வைக்க முடியுமென்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

அப்படியானால் இவ்வளவு பொருத்தமான படத்தை விட்டு ஏன் எழுந்து போனார்கள்? நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. விளம்பரத் தாளில் 'விண்வெளி மர்மம்' என்று போட்டிருக்கிறீர்கள். சிறுவர்கள் விண்கலச் சண்டையை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். இரவு எட்டு மணி, மின்விசிறிகள் முழு வேகத்தில், கதவுகள் திறந்து, வெளியே மோட்டார் சைக்கிள்கள். கிளின்ட் மான்செல்லின் இசை ஒரு பியானோவை மெதுவாகத் தட்டித் தட்டி வளர்வது. அது மின்விசிறிச் சத்தத்தில் மூழ்கியிருக்கும். வசன வரிகள் இல்லாமல் ஆங்கிலத்தில் ஓட்டியதாகவும் சொல்கிறீர்கள். வயதானவர்களுக்கு முதல் இருபது நிமிடம் ஓர் ஆள் தனக்குத்தானே முணுமுணுப்பதாகத்தான் தெரிந்திருக்கும். அந்த இருபது நிமிடத்தைப் பிடிக்காதவருக்கு நகல் வரும்போது அதிர்ச்சியும் வராது. இது படத்தின் தோல்வி என்றோ பார்வையாளரின் தோல்வி என்றோ நான் எழுத மாட்டேன். திரையிடல் சரியாக அமையவில்லை.

மறுபடி போட நினைத்தால் முப்பது பேருக்கு மேல் வேண்டாம். தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறை போதும். மலாய் வசன வரிகளோடு போடுங்கள். 97 நிமிடப் படம், நடுவில் இடைவேளை விடாதீர்கள். தொடங்குமுன் நிலவில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒருவனின் கதை என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் தாமாகவே நிமிர்ந்து உட்காருவார்கள். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை என்பதையும் நினைவூட்டுகிறேன். கடையில் வாங்கிய குறுந்தட்டு வீட்டில் பார்க்க மட்டுமே.

அடுத்த படத்துக்கு விமர்சகர்களை நம்பலாமா? நம்புங்கள், ஆனால் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். பாராட்டியவர் ஒருவரையும் குறை சொன்னவர் ஒருவரையும் முழுதாகப் படித்தால், உங்கள் மண்டபத்துக்குப் பொருந்துமா என்பது தெரிந்துவிடும். 'பிரைமர்' என்ற 2004ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 7,000 டாலரில், மென்பொருள் பொறியாளராக இருந்த ஷேன் கரூத் எழுதி, இயக்கி, நடித்துச் சன்டான்ஸின் பெரும்பரிசையும் வாங்கிய படம். பாராட்டிய விமர்சகர்களிலேயே பலர் முழுதும் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடிக்கும், தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்த்தேன். உங்கள் மண்டபத்தில் போட்டால் அரைமணிகூடத் தாங்காது. மாறாக 'தி மேன் ஃப்ரம் எர்த்' 2007இல் வந்தது, செலவு இரண்டு லட்சம் டாலர். ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு பேராசிரியர், வழியனுப்ப வந்த நண்பர்களிடம் தனக்கு 14,000 வயது என்கிறார். வரவேற்பறையில் உட்கார்ந்து பேச்சு, பேச்சு, பேச்சு. பெரிய விமர்சகர்கள் அதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. இணையத்தில் திருட்டுத்தனமாகப் பரவி, பார்த்தவர்கள் வாய்வழியாகவே பெயர் வாங்கியது. தயாரிப்பாளரே அப்படிப் பரப்பியவர்களுக்கு நன்றி சொன்ன கதையும் உண்டு.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்குப் பேச்சு சலிக்காது, விண்வெளியும் தேவையில்லை. என் யோசனை இதுதான்: அடுத்த மாதம் 'தி மேன் ஃப்ரம் எர்த்' போடுங்கள், அதற்கடுத்து 'மூன்' படத்தைச் சிறு கூட்டத்துக்கு மறுபடி காட்டுங்கள், 'பிரைமர்' வீட்டில் தனியாகப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பேராசிரியர் படத்தின் பின்பாதியில் மதத்தைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது, கிறித்தவக் குடும்பங்கள் வருத்தப்படக்கூடும். அதை முன்கூட்டியே பார்த்து முடிவு செய்யுங்கள். வசன வரிகளையும் முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். சில பிரதிகளில் அவை இரண்டு மூன்று வினாடி பிந்தி வருகின்றன. முழுக்கப் பேச்சாகவே உள்ள படத்தில் அப்படி நேர்ந்தால் இந்த முறையும் நாற்காலி காலியாகிவிடும்.